சாத்தூருக்குப் போன நம்பர்

சத்தம் போடாதீங்க தங்கச்சி. நான் வாசப்படியைத் தாண்டலை. செருப்பைக் கூடக் கழட்டலை பாருங்க, இங்கயே நிக்கிறேன். ஆமா, நான்தான். முந்தாநேத்து போன் பண்ணுனது, நேத்து போன் பண்ணுனது, நீங்க பிளாக் பண்ணுன பிறகு டீக்கடைக்காரர் போனை வாங்கிப் பண்ணுனது, எல்லாம் நான்தான். ஆனா திருடன் இல்ல. திருடன் ரெண்டு பஸ் மாறி வந்து மூஞ்சியைக் காட்டுவானா, நீங்களே சொல்லுங்க.

பேரு கோட்டைச்சாமி. மானாமதுரை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால கோட்டை நெட் சென்டர்னு கேட்டா யாரும் கைகாட்டுவாக. இந்தாங்க ஆதார் கார்டு, வாங்கிப் பாருங்க. போட்டோவுல மீசை இருக்கு, இப்ப இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

எப்படிக் கண்டுபிடிச்சேன்னா? உங்க வாட்ஸப் படத்துல கடை போர்டு தெரியுதே. ஜெபமணி லேடீஸ் டெய்லர், சாத்தூர். கீழே தெரு பேரும் போட்டிருக்கீங்க. அதை வச்சுத்தான் வந்தேன். அந்தப் படத்தை எடுத்துருங்க தங்கச்சி, காலம் கெட்டுக் கிடக்கு, கண்டவனும் வந்து நிப்பான்.

எதுக்கு வந்தேன்னு போன்லயே சொன்னேன், நீங்க கேக்கலை. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள உங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும். அதைப் படிச்சுச் சொன்னாப் போதும். சொல்லலைன்னா ஒரு புள்ளையோட வேலை போயிரும். இப்ப நாலு தாண்டிருச்சு.

தெரியும், ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது. அதை எனக்கே சொல்றீங்களா? என் கடையில போர்டு எழுதி மாட்டிருக்கேன். சிவப்பு எழுத்துல, 'ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீர்'னு. வர்றவுக போறவுக எல்லாரும் அதைப் பாத்துட்டு, அப்புறம் என்கிட்ட வந்து ஓடிபி சொல்லுங்க அண்ணேன்னு கேட்டு வாங்கிட்டுப் போவாக. ஊருக்கே ஓடிபி சொன்னவன் தங்கச்சி நான்.

அந்த அயர்ன் கடைக்காரரை எதுக்குக் கூப்பிடுறீங்க? சரி, கூப்பிடுங்க. வாங்க அண்ணே. அடிக்கிறதுன்னா அஞ்சு மணிக்கு மேல அடிங்க.

இந்த நம்பர் என் நம்பர். கோவிச்சுக்காதீங்க, இப்ப உங்க நம்பர்தான், கடையில காசு குடுத்து சிம் வாங்கிருக்கீங்க. ஆனா அதுக்கு முன்னால என் நம்பர். கடை திறந்த நாள்ல இருந்து என்கிட்ட இருந்தது. மானாமதுரையில பாதிப் பேர் மெயிலுக்கு அந்த நம்பர்தான் குடுத்திருக்கு.

ஏன்னா கேக்குறீங்க? அந்தக் காலத்துல ஒரு புள்ளை பரீட்சைக்கு விண்ணப்பம் போட வரும். மெயில் ஐடி கேக்கும் கம்ப்யூட்டரு. புள்ளைக்கு மெயில் ஐடி ஏது? சரி, நானே ஒண்ணு போட்டுக் குடுப்பேன். அதுக்கு ஒரு போன் நம்பர் கேக்கும். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பன் சட்டைப் பையில இருக்கும். புள்ளைக்கு நம்பர் மனப்பாடமா இருக்காது. பின்னால ஆளு நிக்கிறாக, கரண்டு எப்ப போகும்னு தெரியாது. சரின்னு என் நம்பரைத் தட்டுவேன். இப்படித்தான் ஒண்ணு, பத்து, நூறுன்னு ஆச்சு. இன்னைக்குப் போன் இல்லாத ஆளு இல்லைங்கிறீங்க. இருக்கு. ஆனா ஆடி ஆஃபர்ல ஒரு சிம், தீபாவளி ஆஃபர்ல ஒரு சிம்னு மாத்திக்கிட்டே இருக்காய்ங்க. அவய்ங்க நம்பரை நம்பிப் போட முடியுமா? என் நம்பர்னா நிலையா நிக்கும்ல.

பாஸ்வேர்டும் அப்படித்தான். வச்சுட்டு மறந்துட்டு வந்து நிப்பாக. அண்ணே, தெரியலையே, என்னமோ ஒண்ணு வச்சேனேன்னு அழுவாக. அதுக்கு நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். அவுக பேரு, நடுவுல மெயில் ஐடியில வர்ற அந்த அட் சுழி, கடைசியில என் டிவிஎஸ் வண்டி நம்பர் நாலு ஆறு ஒண்ணு எட்டு. எல்லாருக்கும் அதே வால்தான். வர்ற ஆளு பேரைச் சொன்னாப் போதும், பாஸ்வேர்டை நான் சொல்லிருவேன். இத்தனை வருஷத்துல ஒருத்தர் பாஸ்வேர்டை நான் மறந்ததா சரித்திரம் இல்ல.

எதுக்கு மிஷினை நிறுத்திட்டீங்க? ஏன் அப்படிப் பாக்குறீங்க?

ஆமா, ஊர்க்காரவுக எல்லார் பாஸ்வேர்டும் அப்படித்தான். ஆமா, நம்பர் உங்ககிட்ட இருக்கு. ஆமா, வாலையும் இப்ப நானே சொல்லிட்டேன். நீங்க நினைச்சா... அட, நீங்க அப்படி நினைக்கிறவுக இல்ல தங்கச்சி. முகத்தைப் பாத்தாத் தெரியாதா? நான் ஆளைப் பாத்தா எடை போட்டுருவேன். அயர்ன் அண்ணே, நீங்க கேக்கலைல்ல? இஸ்திரிப் பெட்டி சூடாயிருச்சான்னு போயிப் பாருங்க.

சரி, அதை விடுங்க. நம்பர் எப்படிக் கை மாறுச்சுன்னு கேளுங்க. அதுதான் அநியாயம். அந்த சிம்மை ஒரு பழைய பட்டன் போன்ல போட்டு மேஜை டிராயர்ல வச்சிருந்தேன். ஓடிபி மட்டும் வரும். நான் அதுல யாரையும் கூப்பிடுறதில்ல. ரீசார்ஜ் பண்ணுங்க, ரீசார்ஜ் பண்ணுங்கன்னு கம்பெனிக்காரய்ங்க மெசேஜ் அனுப்பிக்கிட்டே இருந்தாய்ங்க. எதுக்குடா பண்ணணும்? வர்ற மெசேஜுக்கு எதுக்குடா காசு? தபால்காரர் லெட்டர் கொண்டு வந்து குடுத்தா நாமளா ஸ்டாம்பு ஒட்டுறோம்? நானும் விடலை. பஞ்சவர்ணம் கூட, என் வீட்டுக்காரி, சொல்லிக்கிட்டே இருந்தா. 'போட்டுத் தொலைங்க, அதை நம்பி ஊரே இருக்கு'ன்னு. கடையில ஜெராக்ஸ் எடுக்கிறது அவதான். அவளுக்கு என்ன தெரியும் கொள்கையைப் பத்தி? இது நியாயத்துக்கான சண்டைடின்னேன். ஒரு நாள் டிராயரைத் திறந்தா போன்ல சிக்னல் செத்துக் கிடக்கு. கம்பெனி ஆபீஸுக்குப் போனா, ரொம்ப நாள் காசு போடலை, அந்த நம்பரை வேற ஆளுக்குக் குடுத்தாச்சுன்றான் ஒரு பையன், கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே. என் முகத்தைக் கூடப் பாக்கலை. இப்படியும் ஒரு கம்பெனி.

உங்களுக்கும் தொல்லைதான். ஒத்துக்கிறேன். நேரங்கெட்ட நேரத்துல ஓடிபி வந்திருக்கும். யார் யாரோ கூப்பிட்டு கோட்டைச்சாமி அண்ணன் இல்லையான்னு கேட்டிருப்பாக. நேத்து முழுக்க வந்த ஓடிபி எல்லாம் நான் கம்ப்யூட்டர்ல பட்டனை அமுக்கிக் கேட்டதுதான். அமுக்கி அமுக்கி, ரொம்ப தடவை கேட்டுட்டீங்க, பிறகு வாங்கன்னு அது என்னையே வெளிய தள்ளிருச்சு. இன்னைக்கு மத்தியானத்துக்கு மேலதான் மறுபடி கேக்க முடியும்னு சொல்லிருச்சு. இன்னைக்கும் இப்படித் தள்ளுச்சுன்னா அவ்வளவுதான்.

புள்ளை பேரு நாகஜோதி. செங்கல் சூளை மேஸ்திரி மாரிக்கண்ணு மக. மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கு. கெட்டிக்காரப் புள்ளை. வேலைக்குப் போயிக்கிட்டே ஜெர்மன் பாஷை படிச்சு, பரீட்சை எழுதி, ஜெர்மனியில ஒரு ஆஸ்பத்திரியில இருந்து வேலைக்கு வாங்கன்னு மெயில் வந்திருச்சு. அந்த மெயில்ல ஒரு பட்டன் இருக்கும். வர்றேன்னு சம்மதம் சொல்லி அதை அமுக்கணும். இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான் கெடு. அதுக்குள்ள அமுக்கலைன்னா வரிசையில அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாக. போன் பண்ணிக் கேட்டாச்சு. பதிஞ்ச மெயில்ல இருந்துதான் வரணும், வாயால சொன்னா செல்லாதுன்னு சொல்லிட்டாக.

இந்த நேரம் பாத்து அவ போன் பஸ்ஸுல களவு போச்சு. புதுப் போன் வாங்கி மெயிலைத் திறந்தா பாஸ்வேர்டு கேக்குது. பழைய போன்ல அது பாட்டுக்குத் திறந்தே கிடந்ததால அவளுக்கு பாஸ்வேர்டே தெரியாது. என்கிட்ட ஓடி வந்தா. நான் சொன்னேன், அடிச்சா. சரியான பாஸ்வேர்டுதான். ஆனா புதுப் போனுங்கிறதால, நீதானான்னு சந்தேகப்பட்டு, பதிஞ்ச நம்பருக்கு ஓடிபி அனுப்பிருச்சு. ஓடிபி இங்க வந்துருச்சு, சாத்தூருக்கு. வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழி உடைஞ்ச கதை தங்கச்சி.

என் கடை சிஸ்டத்துல அவ மெயில் திறந்துதான் கிடந்துச்சு. அவளோடது மட்டுமில்ல, எல்லாரோடதும். ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு அடிக்கிற வேலை மிச்சம்ல. போன மாசம் வைரஸ் ஏறிருச்சுன்னு மெக்கானிக் எல்லாத்தையும் துடைச்சுட்டான். இல்லைன்னா நான் இங்க வந்து நிப்பேனா?

அவுக மெயிலைப் படிப்பேனான்னா? சேச்சே. ஒண்ணு ரெண்டு கண்ணுல படும், அது வேற. படுறதும் நல்லதுக்குத்தான். இதே நாகஜோதிக்கு நர்சிங் முடிச்ச கையோட எர்ணாகுளத்துல இருந்து வேலைக்கு லெட்டர் வந்துச்சு. அவ பாக்குறதுக்கு முன்னாலயே நான் பாத்துட்டேன். எனக்கு என்ன சந்தோஷம்கிறீங்க. நேரா சூளைக்கு வண்டியை விட்டேன். மாரிக்கண்ணு, உன் மகளுக்குக் கேரளாவுல வேலைய்யான்னு அத்தனை ஆளுக நடுவுல சொல்லிக் கையைப் பிடிச்சுக் குலுக்குனேன். அவனுக்கு முகம் செத்துப் போச்சு. அந்தப் புள்ளை வீட்டுல இன்னும் சொல்லவே இல்லையாம். நேரம் பாத்து, அம்மாவை வச்சுப் பக்குவமாச் சொல்லணும்னு இருந்துச்சாம். எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்குத் தெரியாம வேலை தேடுறியான்னு மாரிக்கண்ணு குதிச்சு, ஒரு மாசம் வாசப்படி தாண்ட விடலை. அவசர அவசரமா மாப்பிள்ளை பாத்தாக. ஒண்ணும் அமையலை. அதுக்குள்ள எர்ணாகுளத்து வேலையும் போச்சு. அது அவுக வீட்டுத் தகராறு. நல்ல சேதியை மொத ஆளா ஓடிப் போயிச் சொன்னது தப்பா? நீங்களே சொல்லுங்க.

எதுக்கு நூலை அப்படி வெடுக்குன்னு அறுக்குறீங்க?

அதுக்கப்புறம் அவ கடைப் பக்கம் அவ்வளவா வரலை. வேலை ஜாஸ்தி போல. ஒரே ஒரு தடவை வந்தா. அண்ணே, பாஸ்வேர்டை மாத்தணும், ஓடிபி வந்திருக்கும் பாருங்க, அப்படியே நம்பரையும் என்னோடதா மாத்திருங்கன்னா. எதுக்கும்மா மாத்துற, இருக்கிறது நல்லாத்தானே இருக்கு, நீ மறந்துட்டா நாளைக்கு யாரு சொல்றதுன்னு அனுப்பி வச்சேன். சரிங்க அண்ணேன்னு போயிட்டா. மரியாதை தெரிஞ்ச புள்ளை.

வேற மெயில் ஐடி போட்டிருக்கலாமேன்னா, அவ நர்சிங் கவுன்சில்ல பதிஞ்சது, ஜெர்மன் பரீட்சைக்குப் பதிஞ்சது எல்லாம் இதுலதான். மாத்தணும்னா மாசக்கணக்கா அலையணும். அதான் இதையே பிடிச்சுக்கிட்டு இருந்தா.

கொஞ்சம் தண்ணி குடுப்பீங்களா? நாக்கு ஒட்டுது. உள்ள வந்து உக்காரட்டா? சரி, செருப்பை இப்படி ஓரமா விடுறேன். துணி மேல படாம உக்காந்துக்கிறேன்.

அவ என்கிட்ட வந்தது முந்தாநேத்து. இன்னைக்குத்தான் வந்து நிக்கிறீங்களேன்னு கேக்குறீங்க. நியாயம்தான். முந்தாநேத்து நான் உங்களுக்கு மொதத் தடவை போன் போட்டப்ப நீங்க 'யாருய்யா நீ, போலீஸ்ல சொல்லிருவேன்'னு வச்சுட்டீங்க. அந்தப் புள்ளை வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கு. நம்பர் என் கையை விட்டுப் போயிருச்சுன்னு எப்படிச் சொல்றது? பயந்துரும்ல. அதனால, சர்வர் கோளாறும்மா, நாளைக்கு வான்னு சொன்னேன். நேத்து வந்துச்சு. இன்னும் சர்வர் சரியாகலைன்னு சொன்னேன். ஊர்ல எனக்குன்னு ஒரு பேரு இருக்கு. கோட்டைச்சாமி நம்பரைத் தொலைச்சுட்டான்னு பரவுச்சுன்னா நாளைக்கு ஒருத்தன் கடைக்கு வருவானா? எப்படியும் உங்களைப் பேசிச் சரிக்கட்டிரலாம்னு நினைச்சேன்.

இன்னைக்குக் காலையில வந்து கடை முன்னால உக்காந்தவ எந்திரிக்கலை. சாப்பிடவும் போகலை. நான் சர்வருன்னு ஆரம்பிச்சேன். ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு இருந்த பஞ்சவர்ணம் திரும்பிப் பாத்து, 'சர்வரும் இல்ல ஒண்ணும் இல்ல தாயி, அந்த நம்பர் இவர்கிட்ட இல்ல, சாத்தூர்ல ஒரு பொம்பளைகிட்ட இருக்கு'ன்னு போட்டு உடைச்சுட்டா. கட்டுன பொண்டாட்டி, ஒரு ஊர்ப் புள்ளை முன்னால. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நாகஜோதி என்னையே பாத்துச்சு. அழுதிருந்தாக் கூடத் தேவலை. சண்டை போட்டிருந்தாக் கூடத் தேவலை. சும்மா பாத்துச்சு. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமத்தான் ஓடிப் போயி பஸ் ஏறிட்டேன். கடையில இப்ப அவுக ரெண்டு பேரும்தான் இருக்காக. நான் போன் பண்ணுனதும் புள்ளை ஓடிபி கேட்டு அமுக்கும், உங்களுக்கு வரும், நீங்க எனக்குச் சொல்வீங்க, நான் அவளுக்குச் சொல்வேன். அவ்வளவுதான் ஏற்பாடு.

மணி என்ன? நாலரையா. ஐயோ.

என்ன யோசிக்கிறீங்க தங்கச்சி? உங்க கால்ல வேணாலும் விழுறேன். உங்களுக்கு ஒரு பொம்பளப் புள்ளை இருந்தா... ஒண்ணு இருக்கா? என்ன படிக்குது? பத்தாவதா. அது மெயிலுக்கு யாரு நம்பர் போட்டிருக்கீங்க? சரி சரி, கேக்கலை. கேக்கலை.

காட்டவா? யாரை, நாகஜோதியையா? தாராளமா. வீடியோ கால் போடுறேன், நீங்களே பேசுங்க. அவ வாயால கேட்டாத்தான் சொல்வேங்கிறது நல்ல எண்ணம்தான், நான் தப்பாச் சொல்ல மாட்டேன். இருங்க. அடிக்குது. ஹலோ, பஞ்சவர்ணம், போனை நாகஜோதிகிட்டக் குடு. அம்மா நாகஜோதி, நம்பர் வச்சிருக்கிறவுக முன்னாலதான் உக்காந்திருக்கேன். உன்னைப் பாக்கணுங்கிறாக. பேசு. நல்லவுகதான், நான் எல்லாத்தையும் சொல்லிச் சரிக்கட்டிட்டேன்.

இந்தாங்க தங்கச்சி. பக்கத்துல நிக்கிறதுதான் என் வீட்டுக்காரி.

கேட்டீங்களா அது பேச்சை? என்னா பணிவு. நர்ஸ் கார்டைக் காட்டுறா பாருங்க. பேரு, போட்டோ எல்லாம் சரியா இருக்கா? ஜெர்மனிக்காரவுக அனுப்புன தேதியும் சொல்றா. சரியா இருக்குல்ல? உங்க முகம் இப்பத்தான் தெளிஞ்சிருக்கு. எனக்கும் உசுரு வந்துச்சு. அம்மா நாகஜோதி, அமுக்கு. அமுக்கிட்டு லைன்லயே இரு, நான் படிச்சுச் சொல்றேன்.

என்ன?

இல்லம்மா, சரியாக் கேக்கலை. என்ன சொல்ற?

தங்கச்சி, அவ என்ன சொல்றா? இந்த போன்ல வேணாமா? உங்க நம்பருக்கு நேரா கூப்பிடுறாளா? அவளுக்கு உங்க நம்பர் எப்படி... ஆமாமா, அதே நம்பர்தானே. அவளுக்குப் பிளஸ் டூவுல இருந்து மனப்பாடம்.

வருது பாருங்க. எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. போடலையா? சரி. என்னவாம்?

தள்ளிப் போயிச் சொல்லணுமா? யாருக்குக் கேக்கக் கூடாது? அயர்ன் அண்ணே, கொஞ்சம் வெளிய போங்க, புள்ளை கூச்சப்படுது.

எனக்கா?

எனக்குக் கேக்கக் கூடாதுன்னா சொன்னா? நாகஜோதியா சொன்னா? நீங்க தப்பாக் காதுல வாங்கியிருப்பீங்க தங்கச்சி. நான்தான் அவளுக்காக... சரி. மணியாகுது, விவாதம் பண்ற நேரமில்ல. அந்தத் திரைக்குப் பின்னால போங்க. நான் காதைப் பொத்திக்கிறேன். இந்தா, பொத்திட்டேன். போங்க, போங்க, ஓடிபி ரொம்ப நேரம் நிக்காது.

அயர்ன் அண்ணே, நீங்களே பாத்தீங்கள்ல? காலையில இருந்து ஒரு வாய் சோறு சாப்பிடலை. ரெண்டு பஸ்ஸு. இந்த வெயில்ல தெருத் தெருவாக் கேட்டு வந்திருக்கேன். இதுக்கு மேல ஒரு மனுஷன் என்ன செய்வான்? காலம் அப்படி இருக்கு அண்ணே. யாரையும் நம்பாதேன்னு போர்டு எழுதிப் போட்டதே நான்தான். அந்தப் புள்ளை போர்டைப் படிச்சு என்னையே நம்ப மாட்டேங்குது. மனசு வலிக்குது, பொய் சொல்ல மாட்டேன்.

உள்ள என்ன சத்தமே காணோம்? தப்பான ஓடிபியா இருந்தா மறுபடி வெளிய தள்ளிரும். பழசு ஏகப்பட்டது கிடக்கும், கடைசியா வந்ததைச் சொல்லச் சொல்லணும். தங்கச்சி, கடைசியா வந்ததைச் சொல்லுங்க. கடைசியா வந்தது.

வந்துட்டீங்களா. என்னாச்சு? திறந்துருச்சா? பட்டனை அமுக்கிட்டாளா? பதிலும் வந்துருச்சா? ஆத்தா மாரியாத்தா. உக்காருங்க தங்கச்சி. ஜெர்மனி போயிருவா. நம்ம மானாமதுரைப் புள்ளை. இந்தச் சேதியை மாரிக்கண்ணுகிட்ட... இல்ல, இல்ல. அவளே சொல்லட்டும். அவளே சொல்லிக்கிடட்டும்.

அந்த போனைக் குடுங்க, ஒரு வார்த்தை பேசிக்கிறேன். நாகஜோதி, சந்தோஷம்மா. கையோட நம்பரையும் மாத்திட்டியா? உன் நம்பரே போட்டுட்டியா. நல்லது. பாஸ்வேர்டும் மாத்திட்டியா? என்ன வச்சிருக்க? இல்ல, சும்மா, நீ மறந்துட்டேன்னா நாளைக்கு நான் எடுத்துச் சொல்ல... ஹலோ. ஹலோ, நாகஜோதி.

கட்டாயிருச்சு. இங்க டவர் சரியில்லையா தங்கச்சி? உங்க போன்ல எல்லாக் கோடும் நிக்குதே.

சரி, நான் கிளம்புறேன். நீங்க செஞ்ச உதவியை மறக்க மாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள், இந்த நம்பரை மட்டும் விட்டுறாதீங்க. மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணிருங்க. ஊரே அதுல தொங்கிக்கிட்டு இருக்கு.

மறுபடி அடிக்குது பாருங்க. நான் சொல்லலை? டவர்தான். பேச்சு பாதியில அறுந்து போச்சேன்னு திருப்பிக் கூப்பிடுறா. குடுங்க, நான் பேசுறேன்.

உங்ககிட்டத்தான் பேசணுமாமா? சரி, பேசுங்க. இது நாகஜோதி குரல் மாதிரி இல்லையே. இது என் வீட்டுக்காரி குரல். ஏ பஞ்சவர்ணம், என்ன, கடையில எதும் பிரச்சனையா? நான் கிளம்பிட்டேன்னு சொல்லுங்க தங்கச்சி.

என்ன கேக்குறா?

இன்னொரு ஓடிபி வருமா? யாரு மெயிலுக்கு? கடைக்கு யாராவது வந்திருக்காகளா? பேரைக் கேளுங்க, பேரைச் சொன்னா பாஸ்வேர்டை நான்...

அவளோடதா?

ஆமா, அவளுக்கும் ஒண்ணு இருக்கு. மகளிர் குழுவுல கேட்டாகன்னு நான்தான் போட்டுக் குடுத்தேன். பாஸ்வேர்டு என்னங்கன்னு அப்பக் கேட்டா. உனக்கு எதுக்குடி, நான் இருக்கேன்லன்னு சொன்னேன். அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. இத்தனை வருஷத்துல ஒரு நாள் கூடக் கேக்கலையே தங்கச்சி. வீட்டுல ஒரே தட்டுல சாப்பிடுறவ. என்கிட்டக் கேட்டிருந்தா நான் சொல்லிருப்பேன்ல. சொல்லிருக்க மாட்டேனா?

நீங்க பதில் சொல்ல வேணாம்.

வந்துருச்சா. சத்தம் கேட்டுச்சு. இங்க வச்சுப் படிக்காதீங்க. திரைக்குப் பின்னாலயும் வேணாம், திரைக்குக் காது கேக்கும், முன்னாலயே எனக்குப் பாதி கேட்டுச்சு, சொல்லலை. நான் வெளிய போயி அயர்ன் அண்ணன் கடையில நிக்கிறேன். செருப்பு இந்த ஓரத்துலதான் விட்டேன். நீங்க கதவைச் சாத்திக்கிட்டு அவளுக்குப் படிச்சுச் சொல்லுங்க. அவ ஒவ்வொண்ணா எழுதுவா, மெதுவாச் சொல்லுங்க.